தொட்டி வாங்குங்க, மீன் வாங்காதீங்க!

மாற்றலாகி ஊர் ஊராகப் போகிற குடும்பங்களில் பிள்ளைகள் கேட்பது அனேகமாக ஒரே வரிசைதான். முதலில் நாய்க்குட்டி, வீட்டுக்காரர் கூடாது என்பார். அடுத்து முயல், தங்கமணி கூடாது என்பார். கடைசியில் எல்லாரும் சம்மதிப்பது மீனுக்குத்தான். சத்தம் போடாது, ஓடிப்போகாது, செலவும் கம்மி.

கொல்கத்தா வந்த புதிதில் எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. மகளுக்கு வங்காளி தெரியாது, பள்ளியில் ஒரு சிநேகிதிகூட இல்லை. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பக்கத்துத் தெருக் கடையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், கலர் கல், ஆறு தங்கமீன், எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். சல்லிசாக முடிந்ததே என்று பெருமை வேறு.

பத்தே நாளில் ஆறும் போச்சு. "நான் சாப்பாடு ஜாஸ்தி போட்டுட்டேனாப்பா?" என்று கேட்டாள். சும்மா இருந்திருக்கலாம். "இருக்கும்மா, இனிமே கம்மியா போடு" என்று சொல்லித் தொலைத்தேன். நிஜக் காரணத்தைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அது மீனுக்கே விஷம். ஆற்றிலும் குளத்திலும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் பரவாயில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் கிடையாது. வந்து குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நாம் மீனை விட்டுவிடுகிறோம். கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் என்பதால் விஷம் சீக்கிரம் ஏறிவிடும். சின்னது என்றால் சுலபம் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

என் கட்சி இதுதான்: கையிலிருக்கும் காசைத் தொட்டியிலும் ஃபில்டரிலும் போடுங்கள். மீனுக்கு அடுத்த மாதச் சம்பளம். இரண்டு தவணையாகப் பிரிவதால் பட்ஜெட்டும் இடிக்காது :-)

நான் இரண்டாம் முறை வாங்கியது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோ என்பதால் டீப்பாய் மேல் வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். அடியில் தெர்மோகோல் அட்டை அவசியம். ஃபில்டர்களில் விலை குறைந்ததான ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். ராத்திரி கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று பம்ப்பை அணைக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாமல் அந்த பாக்டீரியாவே செத்துவிடும். 5 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். (கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.) ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதும் தப்பு. குழாய்த் தண்ணீரின் க்ளோரின் வேலையைக் காட்டிவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்தால் போதும்.

காலித் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தோம். அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு அம்மோனியா கிடைக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். மகள் தினம் காலண்டரில் கோடு போட்டாள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட ஐந்து வாரமானது. கிட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிறகு ஒரு ஞாயிறு காலை இருவரும் பாக்பஜார் பக்கம் கேலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போனோம். தங்கமீன் வாங்கவில்லை. அது அரை அடிக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும், இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைதான். வாங்கியது எட்டு ஜீப்ரா டானியோ. கங்கைச் சமவெளியின் சொந்த மீன். 1822-லேயே ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்கள் பற்றிய தம் புத்தகத்தில் விவரித்திருக்கிறார். கொல்கத்தாவின் டிசம்பர் குளிரை ஹீட்டர் இல்லாமலே தாங்குகிறது, அந்தச் செலவும் மிச்சம். "இதைக் குழம்பு வைக்க முடியாதே!" என்று எதிர்வீட்டுத் தாதா வருத்தப்பட்டது தனிக்கதை.

எட்டில் ஏழு இன்னும் இருக்கின்றன. "அந்த ஆறும் உன்னால சாகலைம்மா, அப்பா அவசரப்பட்டதாலதான்" என்று மகளிடம் சொல்ல எனக்கு இந்த ஐந்து வாரமும் தேவைப்பட்டது. "தெரியும்பா" என்றாள், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

போன வாரம் கீழ்வீட்டுப் பையனுக்கும் தொட்டி வந்திருக்கிறது. அவனுக்கு ஆறு வாரம் காத்திருக்கப் பொறுமை கிடையாது. அதனால் எங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, ஈரம் காயாமல் பாலிதீன் கவரில் போட்டு, மகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். எப்படி வைக்கவேண்டும் என்று வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தது மாடிவரைக்கும் கேட்டது.