பாலாற்று மணலில் ராஜஸ்தான் போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். என் பேரன் படிப்பான், கோபித்துக்கொள்வான். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் இந்த வாரக் கடைசியில் ஜெய்சால்மர் போகிறார்கள். வெள்ளி ராத்திரி கிளம்பி, சம் மணல்மேட்டில் ஒரு ராத்திரி கூடாரம், ஒட்டகச் சவாரி, திங்கள்கிழமை ஆபீஸ். அதற்கு 'டெசர்ட் லுக்' வேண்டுமாம். போன வாரம் ஆம்பூர் வந்து, ஹைவே ஓரக் கடையில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பூட்ஸ் நாலு ஜோடி, தோல் ஜாக்கெட், தொப்பி எல்லாம் வாங்கினார்கள். ஞாயிறு காலை அதையெல்லாம் மாட்டிக்கொண்டு பாலாற்றுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தார்கள். வந்ததும் போனைக் காட்டிச் சொன்னான்:

"தாத்தா, பாலைவனத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக உடுத்துவதைக் குறை சொல்பவன் இல்லை நான். 34 வருஷம் இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஊர் சுற்றட்டும், அழகாகப் போட்டுக்கொள்ளட்டும். என் சண்டை வேறு.

நீங்கள் போட்டுக்கொள்வது பாலைவன உடையே இல்லை. அங்கே வாழ்கிறவர்களைப் பாருங்கள். ராஜஸ்தான்காரர் தளர்வான பருத்தி உடுத்தி, பல முழத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டுகிறார். அரபு நாட்டவர் கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி போடுகிறார். காற்று உள்ளே போகவேண்டும், வியர்வை காயவேண்டும், தலையில் வெயில் படக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. குளிர்கால ராத்திரிக்கு ஜாக்கெட் சரி. பகல் வெயிலில் தோல் ஜாக்கெட் எதற்கு? கேமராவுக்கு. உலகப் புகழ்பெற்ற 'டெசர்ட் பூட்' கூட, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கெய்ரோ கடைத்தெருவில் செய்து வாங்கிய எளிய செருப்பைப் பார்த்து உண்டானது. மெல்லிய தோல், லேசான அடி. மணலில் நடப்பவனுக்குக் கனம் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, அது உங்கள் கால், உங்கள் கொப்புளம். ஆனால் அந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அதுவும் நாறத்தான் செய்தது. 1970களில் முழுதாகப் பதனிட்ட தோலைத்தான் ஏற்றுமதி செய்யவேண்டும் என்று அரசு நெருக்கியது. சீக்கிரம் முடியும் குரோம் முறை பரவியது. தோலில் போட்ட உப்பும் குரோமியமும் ஆற்றுக்குள் போயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். வேலூர் குடிமக்கள் போட்ட வழக்கு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம், தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழ். எல்லாம் அதில் இருக்கிறது. கெடுத்தவன்தான் விலை தரவேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தில் ஊன்றியது நம் ஆற்றை வைத்துத்தான். சட்டக் கல்லூரி மாணவனுக்கு 'வேலூர் வழக்கு' பாடம். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மணல் கொள்ளையும் மேலே கட்டிய அணைகளும் சேர்ந்துதான் ஆற்றைக் கொன்றன, தோல் ஷாப்பு மட்டும் இல்லை என்பீர்கள். உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாத ஆற்றில் விஷம் இன்னும் கெட்டியாகத்தான் நிற்கும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் எங்கள் அப்பாவின் கிணறு இருக்கிறது. சின்ன வயதில் அதில் குதித்து நீந்தினேன். பிறகு தண்ணீர் கரித்தது, நிறம் மாறியது, சுற்றியிருந்த தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தது. ஆற்றில் தண்ணீர் ஓடுவது நமக்கு வேடிக்கையாகிவிட்டது.

தமிழாசிரியன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பாலை தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்கிறார் இளங்கோவடிகள். அங்கே கெடுத்தது கோடை. மழை பெய்தால் நிலம் திரும்பிவிடும். இங்கே நெல்லும் தென்னையும் நின்ற மருதத்தை மனிதன் பாலையாக்கினான். ஒரு மழைக்கு இது திரும்பாது. தார் பாலைவனம் இயற்கை செய்தது. பாலாற்றுப் பாலை நாம் செய்தது. அதுதான் பேரா, வித்தியாசம்.

"சார், தோல் இல்லாவிட்டால் ஆம்பூர் சோற்றுக்கு என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறியவர்கள். மேல்தோல் தைத்துத் தைத்துக் கண்ணும் முதுகும் போனவர்கள். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் இன்ஜினியர் ஆனார்கள். கம்பெனியை மூடு என்று நான் சொல்லவே மாட்டேன். சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்து விலை வை என்கிறேன். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் யார் தலையில் விழும்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1996 தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது கிணற்றை இழந்த விவசாயிகளில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்?

வெளிநாட்டுக் கம்பெனி விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிறது, இங்கே முதலாளி கழிவில் மிச்சம் பிடிக்கிறார், நாம் தள்ளுபடி தேடுகிறோம். மூன்று பேரும் தராத காசை ஆறு தருகிறது.

எனவே பிள்ளைகளே, பூட்ஸ் வாங்குங்கள். ஒரு ட்ரிப்புக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். அடி தேய்ந்தால் தைக்கக் கொடுத்துப் பத்து வருஷம் போடுங்கள். தோல் எந்த ஊரில் பதனிட்டது, கழிவு எங்கே போகிறது என்று கடையில் ஒரு தடவையாவது கேளுங்கள். பதில் வராது. நூறு பேர் கேட்டால் வரும்.

பேரா, ஜெய்சால்மர் போய்விட்டு வா. தலையில் துண்டு கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி. படம் போடு, நானும் லைக் போடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்துக்குக் கீழே மட்டும் 'பாலைவனம்' என்று எழுதாதே. 'பாலாறு, ஆம்பூர்' என்று எழுது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நண்பர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக எந்த வருஷம் குடித்தீர்கள்? கீழே எழுதுங்கள். ஊர் பேரோடு எழுதுங்கள்.