புளியோதரை கிளறும் அம்மாவுக்கு எப்போது உல்லாசப் பயணம்?

அதிகாலை மணி 3. ஊரே தூங்குகிறது. ஒரு வீட்டு அடுப்படியில் மட்டும் விளக்கு எரிகிறது.

அங்கே ஒரு தாய் புளியோதரை கிளறிக்கொண்டு இருக்கிறாள். பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு வதங்குகிறது. தயிர்சாதத்துக்குக் காய்ச்சிய பால் ஆறிக்கொண்டு இருக்கிறது. 5 மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் 12 பேருக்குச் சாப்பாடு கட்டியாக வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு? உல்லாசப் பயணத்துக்காம்!

யாருக்கு உல்லாசம்?

விடுமுறை வந்துவிட்டால் தென்மாவட்டங்களில் பல வீடுகளில் இதுதான் காட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவி, சங்கரன்கோவில், தென்காசி, குற்றாலம் – இவ்வளவும் ஒரே நாளில்! "வேனுக்கு வாடகை கொடுத்தாச்சு. எல்லாத்தையும் பார்த்திட வேண்டாமா?" என்பார் வீட்டுத் தலைவர்.

பார்த்தார்களா? அதுதான் இல்லை.

வழியில் டயர் பஞ்சர். ஒரு பிள்ளைக்கு வாந்தி. டீக்கடையில் அரை மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது மதியம் 1 மணி ஆகிவிடும். கோவில் நடை சாத்தியிருக்கும்! மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதுவரை காத்திருந்தால் குற்றாலம் போக முடியாது.

வேனில் ஒரு பாட்டி இருக்கிறாள். ஆண்டாளைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தவள். அவளிடம், "கோபுர தரிசனம் கோடி புண்ணியம், பாட்டி. இங்கேயிருந்தே கும்பிட்டுக்கோ" என்கிறார்கள். அவளும் கும்பிடுகிறாள். வேன் கிளம்பிவிடுகிறது.

பழமொழி உண்மைதான். ஆனால் வேன் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டு ஓடுவதற்காக நம் முன்னோர் அதைச் சொல்லிவைக்கவில்லை.

பாரிசுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

இப்போது நம் ஊர்க்காரர்கள் ஐரோப்பாவுக்கும் சுற்றுலா போகிறார்கள். பாரிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எல்லாம் விசாரித்துவிடுகிறார்கள். அங்கே லூவர் என்ற பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற மோனாலிசா ஓவியம் அதில்தான் உள்ளது. செவ்வாய்க்கிழமை அதைத் திறக்கமாட்டார்கள். அது தெரிந்து, மற்ற நாளில் டிக்கெட் வாங்குகிறார்கள். ஸ்பெயின் நாட்டில் மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல்தான் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பசியாறுகிறார்கள்.

ஊரின் கடிகாரத்துக்கு நாம் ஒத்துப்போக வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொள்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது மட்டும் அது மறந்துபோகிறது. பக்கத்து ஊர்தானே என்ற அலட்சியம்!

இன்னொன்று பாருங்கள். ஐரோப்பாச் சுற்றுலா நடத்தும் கம்பெனிகள் சில, நம் சமையல் தெரிந்த ஆளையே சம்பளம் கொடுத்துக் கூட அழைத்துப் போகின்றன. நம் வேனிலும் ஒரு சமையல்காரி வருகிறாள். சம்பளம் கிடையாது. தூக்கமும் கிடையாது. அவள் பெயர் அம்மா.

கட்டுச்சோறு கூடாது என்பதல்ல. சத்திரமும் ஓட்டலும் இல்லாத காலத்தில் அது தேவையாக இருந்தது. கைக்குழந்தைக்கும், பத்தியம் சாப்பிடும் பெரியவருக்கும் இன்றும் தேவைதான். ஆனால் இட்லி, பொங்கல், வடை எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும் ஊருக்கு 12 பேர் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு போவானேன்? வெயிலில் நிற்கும் வேனுக்குள் தயிர்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துப்போகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறோம். ஓட்டலில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடுகிறது.

குடிக்காத தண்ணீர்

சாப்பாட்டைவிடப் பெரிய சங்கதி தண்ணீர். இதை வீட்டு ஆண்கள் கவனிப்பதே இல்லை.

வேனில் போகும் பெண்கள் பலர் நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பது கிடையாது. தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! ஆண்கள் வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்வார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? நாவறண்டு, தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை வெயிலில் இப்படி இருந்தால் மயக்கம் வரும், நீர்க்கடுப்பு வரும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். போய் இறங்கியதும் ஒரு அறை எடுத்துவிட வேண்டும். ஆடம்பர அறை வேண்டியதில்லை. கதவைச் சாத்திக் குளிக்கவும், கால் நீட்டிப் படுக்கவும் ஒரு சுத்தமான அறை. "ராத்திரி தங்கத்தானே ரூம்? பகலில் எதற்கு?" என்று கேட்கிறவர் உண்டு. பகலில்தான் அது அதிகம் தேவை. குற்றாலம் வரை ஓடும் டீசல் காசை மிச்சம் பிடித்தாலே அறை வாடகையில் ஒரு பகுதி தேறிவிடும்.

இரண்டு ஊர், இரண்டு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே 12 கிலோமீட்டர்தான் தூரம். அடிக்கடி பஸ் இருக்கிறது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர். விருதுநகர் – தென்காசி ரெயில் பாதையில் இரண்டு ஊருமே இருக்கின்றன. சென்னையிலிருந்து இரவு ரெயிலில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். அப்படியிருக்க, வேன் எதற்கு என்பதையே ஒருமுறை யோசிக்க வேண்டும்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கோவிலுக்குப் போய்விட வேண்டும். அவசரம் கூடாது. இங்கே இருப்பது ஒரு கோவில் அல்ல, இரண்டு. வானளாவ நிற்கும் 11 நிலைக் கோபுரம் வடபத்ரசாயி கோவிலுடையது. அதன் உயரம் ஏறத்தாழ 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "இல்லை, மதுரைக் கோபுரம்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்!

ஆண்டாள் கோவில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியின் அருகே குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்று சொல்லப்படும் இடம் அதுதான். ஆண்டாள் மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் காட்டுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துப்போய் இந்தக் கதைகளைச் சொல்ல வேண்டியது அப்பாவா, பாட்டியா? பாட்டிக்கு நேரம் கொடுத்தால் பாட்டியே சொல்வாள்.

ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொன்னாலோ வெள்ளியாலோ செய்தது அல்ல. இலையும் பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ! இங்கே ஆண்டாள் சூடிய மாலைதான் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குப் போகிறது. கள்ளழகர் அதை அணிந்துகொண்டு வைகையில் இறங்குகிறார். திருப்பதிக்கும் பிரம்மோற்சவத்தின்போது இங்கிருந்து மாலை போகிறது. ஆடிப்பூரத்தன்று தேரோட்டம். கூட்டம் நெரியும் என்பதால், கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வதே நல்லது.

நடை சாத்தியதும் சைவச் சாப்பாடு. பிறகு அறையில் தூக்கம். ஆம், தூக்கம்தான்! பகல் 1 மணி முதல் 4 மணி வரை ஊரே ஓய்வெடுக்கும்போது நாம் மட்டும் ஏன் அலைய வேண்டும்? மாலையில் மடவார்விளாகம் வைத்தியநாதர் கோவில். இன்னும் தெம்பு இருந்தால், ஊரை ஒட்டிய திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாள் கோவில். தெம்பு இல்லையென்றால் தேரடியில் உட்கார்ந்து கடலை கொறிக்கலாம். அதிலும் ஒரு குறைவும் இல்லை.

மறுநாள் ராஜபாளையம். அசைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கு இந்த வரிசை இன்னொரு விதத்திலும் வசதி. கோவில் தரிசனம் முதல் நாளே முடிந்துவிடுகிறது. ராஜபாளையத்தில் கறிச்சோறோ, சால்னாவில் ஊறிய பரோட்டாவோ மனக்குறை இல்லாமல் சாப்பிடலாம். மாம்பழக் காலமாக இருந்தால் சப்பட்டை மாம்பழத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பேர்தான் சப்பட்டை. ருசி அப்படியல்ல!

இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உழைப்பு இருக்கிறது. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை தொடங்கினார். பிறகு மில்களால் வளர்ந்த ஊர் இது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணி இருக்கிறதே, அதற்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் உள்ளது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். மந்திரி பதவிக்குப் பிறகு வீடு பெருத்தவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, வீட்டைக் கொடுத்தவரின் மன்றத்தையும் காட்ட வேண்டாமா?

ராஜபாளையம் நாயும் உலகப் பிரசித்தம். வெள்ளை வெளேர் என்ற உடல், ரோஜா நிற மூக்கு. 2005-ல் தபால் தலையிலேயே வந்துவிட்டது. பார்த்தால் போதும். குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் அழுதால் இணங்கிவிடக் கூடாது. காவலுக்குப் பிறந்த பெரிய ஜாதி நாய் அது. நகரத்து இரண்டு அறை வீட்டில் கட்டிப்போட்டு வளர்ப்பது பாவம்.

மலைக்குப் போகுமுன்

ஊருக்கு மேற்கே மலை. அய்யனார் கோவில் அருவி அங்கே இருக்கிறது. மழை பெய்தால்தான் தண்ணீர். கோடையில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்த காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. ஆகவே நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. வனத்துறையிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். "எங்களுக்கு அவரைத் தெரியும், இவரைத் தெரியும்" என்று சோதனைச் சாவடியில் தகராறு செய்வது வெட்கக்கேடு.

அருவிக்குப் போகும் ஆண்களில் சிலர் பையில் பாட்டிலை மறைத்துக்கொண்டு போகிறார்கள். இது கொடுமை! குடித்தவன் பாறையில் வழுக்கி விழுவான். பாட்டிலை உடைத்துப் போடுவான். அந்தக் கண்ணாடித்துண்டு அடுத்த வீட்டுக் குழந்தையின் காலைக் கிழிக்கும். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஊரார் குடிக்கும் தண்ணீர் என்ற நினைவு வேண்டும்.

மலையில் மேகம் கறுத்தால் உடனே கரை ஏறிவிட வேண்டும். கீழே வெயில் அடிக்கும். மேலே மழை கொட்டும். காட்டாறு சொல்லாமல் வரும். 2015 மே மாதத்தில் பக்கத்துச் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு குளிக்காம போறதா?" என்ற பேச்சு அப்போது உதவாது.

பால்கோவா எப்போது வாங்குவது?

பெரும்பாலோர் வந்து இறங்கியதும் பால்கோவாவை வாங்கி வேனில் வைத்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் அது வெயிலில் வேகிறது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் வாடை! பிறகு கடைக்காரரைத் திட்டுவது.

பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த பண்டம் அது. பால் சுண்டச் சுண்ட, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பு வெக்கையில் நின்று கிளறுகிறவர்களின் கைப்பக்குவம்தான் அதன் ருசி. 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பேரை மற்ற ஊர்ச் சரக்குக்கு ஒட்டக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. ஆகவே ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் பெட்டியின் மேல் "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தயாரித்த தேதியும், தயாரித்தவர் முகவரியும் பெட்டியில் இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்க வேண்டும். படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும்தானே!

முதல் நாள் மாலையில் ஆளுக்குக் கொஞ்சம், புதிதாகக் கிளறியதாகக் கேட்டு, கடை வாசலிலேயே நின்று சாப்பிடலாம். அப்போது அம்மாவுக்கும் ஒரு பங்கு முதலில் கொடுக்க வேண்டும். "எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்பாள், விடக்கூடாது. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வேண்டியதை ஊர் திரும்பும்போது, பஸ்சோ ரெயிலோ கிளம்ப அரை மணி இருக்கையில் வாங்கினால் போதும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு என்றால் இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்கும் அளவுக்கு வாங்க வேண்டும்.