நம் மடல்கள் யார் வீட்டில்?

இயக்கத்தின் மடல்கள் இயக்கத்தாரின் பேழையிலேயே இருந்த காலம் ஒன்றுண்டு. கிளை அமைப்பாளர்க்கு வந்த அஞ்சலட்டைகளும், தலைமைக்கு அவர் விடுத்த மறுமொழியின் படிகளும் கம்பியிற் கோக்கப்பட்டுத் தூணில் தொங்கும். இன்றோ அவையெல்லாம் மின்னஞ்சலாகிக் கூகுளின் கிடங்கிற் கிடக்கின்றன. உலாவியைத் திறந்து அங்கே சென்று படிக்கின்றோம், வெறுங்கையோடு மீள்கின்றோம். தமிழுக்கு அரியணை வேண்டுமென மேடையில் முழங்கும் நாம், நம் எழுத்துகளை அயல்நாட்டு வணிக நிறுவனத்தின் அறையில் விட்டுவைத்திருப்பதை எண்ணிப் பார்த்தோமா?

ஈராண்டு திறவாமற் கிடக்கும் தனியாள் கணக்குகளை நீக்கிவிடுவோம் எனக் கூகுள் 2023 மே திங்களில் அறிவித்தது. அவ்வாண்டு திசம்பரில் நீக்கவும் தொடங்கிற்று. மறைந்த அமைப்பாளர் ஒருவரின் கணக்கு நீங்குமாயின், அவர் பல்லாண்டு எழுதிய மடல்களும் அதனோடு போம். விலையின்றித் தரும் 15 கிகாபைட்டு இடம் நிறைந்தாலோ புது மடல் உள்ளே வாராது.

மாற்று எளிதே. தண்டர்பேர்டு என்னும் மடற்செயலி 2004 முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. (இடிப்பறவை என்று நாம் வழங்கினால் அது கோபித்துக்கொள்ளப் போவதில்லை.) அதனைக் கணினியில் நிறுவிப் பெயரையும் முகவரியையும் இட்டால், வழங்கியின் பெயர், வாயிலெண் முதலியவற்றை அதுவே தேடிக்கொள்ளும். பின்னர்த் திறக்கும் கூகுளின் நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டு இசைவளித்தல் வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் செயலியில் எழுதி நுழையும் பழைய முறையைத் தனியாள் கணக்குகட்குக் கூகுள் 2022 மே இறுதியில் அடைக்கத் தொடங்கியது. ஆகவே பழஞ்செயலி நுழைவை மறுப்பின் உளங்கலங்க வேண்டா. ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அச்செயலிக்கெனப் பதினாறெழுத்துத் தனிக் கடவுச்சொல் பெறலாம்.

இனிக் கூறுவதே உயிரானது. ஐமேப், பாப் என இரு முறைகள் உள. முன்னதை ஒத்திசைவு முறை என்றும், பின்னதை இறக்கு முறை என்றும் நாம் வழங்கலாம். ஒத்திசைவு முறை நிலைக்கண்ணாடி போன்றது. அங்குள்ளது இங்குத் தெரியும், அங்கு அழிந்தது இங்கும் அழியும். இதனை அமைத்துவிட்டு, மடல்கள் என் வீட்டில் உள்ளன என்று உறங்கிவிடுவோர் பலர். இறக்கு முறையோ மடலைக் கொணர்ந்து சேர்ப்பது. அங்கு அழியினும் இங்கு நிற்கும். வழங்கியிலும் ஒரு படி இருக்கட்டும் என்னும் கட்டத்தைக் குறியிட்டுக்கொண்டால் ஈரிடத்தும் இருக்கும். கைப்பேசியிலும் கணினியிலும் மாறிமாறிப் படிப்போர்க்கு ஒத்திசைவே ஏற்றது. அவர்கள் திங்கள்தோறும் மடல்களைச் செயலியிலுள்ள உள்ளகக் கோப்புறைகளிற் படியெடுத்து இடுதல் வேண்டும். அவற்றைப் புறவட்டொன்றிலும் எழுதி வைத்தல் வேண்டும். கணினியும் பழுதுறும் பொருளே.

கிளைதோறும் இளைஞர் ஒருவர் இப்பணியை ஏற்க. கோப்புறைகட்கு ஊரும் ஆண்டும் தமிழிற் பெயராகட்டும். மறைந்த அன்பர்களின் கணக்குகளை, அவர்தம் இல்லத்தார் இசைவோடு, முதலில் இறக்குக. அவற்றுக்கு ஈராண்டு எல்லை ஓடிக்கொண்டிருக்கின்றது.