அடித்தல் திருத்தலுக்குக் கையொப்பம் எங்கே?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டு நெறிகளில் ஏழு சூத்திரங்கள் உண்டு என்பதும், கட்டுப்பாட்டைக் காட்டிலும் புதுமைக்கே முதலிடம் என்பது அவற்றுள் ஒன்று என்பதும், தனிச்சட்டம் இப்போதைக்கு அவசியமில்லை என்பதே அவற்றின் பொது அபிப்பிராயம் என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. வடிவமைப்பிலேயே விளங்கத்தக்கதாக இருத்தல் என்று இன்னொரு சூத்திரமும் இருக்கிறது. எவ்வளவு விளங்க வேண்டும் என்று கேட்டால்தான் தெளிவான பதில் இல்லை. ஆகவே வியாக்கியானத்தை நாமே எழுதிப் பார்ப்போம். அதற்கு அற்பமாகத் தோன்றும் ஒரு கருவியே போதும். நிரல் எழுதும் ஏஜெண்டு, கணினியில் ஒரு கோப்பை எழுதுவதற்குக் கையாளும் கருவி அது.

இந்த ஏஜெண்டு கருவியின் உட்புறத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பெயர் இது, இடம் கேட்கும், உள்ளடக்கம் கேட்கும், இன்னது செய்யும் என்று தயாரித்தவர் எழுதிவைத்த நாலைந்து வரிகளை வாசித்து, அவற்றையே பிரமாணமாகக் கொண்டு காரியத்தில் இறங்குகிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் ஏஜெண்டுகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையின் மாதிரிக் கருவி ஒன்று, ஏற்கெனவே உள்ள கோப்பை எச்சரிக்கையின்றி முழுவதும் மேலெழுதிவிடும், ஜாக்கிரதை என்று தன் குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. யோக்கியமான வாக்கியம். ஆனால் எழுதும் கருவி செய்பவர் எல்லாரும் இப்படி எழுதியாக வேண்டும் என்று இந்நாட்டில் எந்தச் சட்டம் சொல்கிறது?

காகிதத்துக்கோ அப்படி ஒரு சட்டம் உண்டு. வள்ளியூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு கிரையப் பத்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். நிலத்தின் நான்கு மால் எல்லையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். பக்கந்தோறும் எழுதிக்கொடுப்பவரின் கையொப்பம் இருக்கும். மூன்றாம் பக்கம் ஏழாம் வரியில் ‘வடக்கு’ என்பதை அடித்துத் ‘தெற்கு’ என்று திருத்தியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காகவே தனியாக ஒரு குறிப்பும் அதன்கீழ் ஒரு கையொப்பமும் இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வரியிடை எழுத்து, வெற்றிடம், அழிப்பு, மாற்றம் என நான்கையும் பெயர் சொல்லி, எழுதிக்கொடுத்தவர் சான்றொப்பமிடாவிட்டால் அத்தகைய பத்திரத்தைப் பதிவு அதிகாரி மறுக்கலாம் என்கிறது. ஏற்றுப் பதிந்தாலோ, அந்த அடித்தல் திருத்தலைப் பதிவேட்டிலும் குறித்தாக வேண்டும் என்கிறது. நூறாண்டுக்கும் மேலாக நம் சீமையில் அரை சென்ட் நிலத்துக்குக் கிடைத்துவரும் இந்த மரியாதை, ஒரு நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் தாங்கி நிற்கும் கோப்புக்குக் கிடையாது என்பதை எந்தப் புதுமையின் பெயரால் நியாயப்படுத்துவது?

மரியாதை கிடைக்காத கோப்பின் கதியைப் பாருங்கள். 2025 ஜூலையில் கூகுளின் ஜெமினி சி.எல்.ஐ. என்னும் ஏஜெண்டிடம், தம் கோப்புகளைப் புதிய கோப்புறை ஒன்றுக்கு மாற்றும்படி ஒருவர் பணித்தார். அவர் பிறகு ஆராய்ந்து எழுதிய விவரப்படி, கோப்புறை உருவாகவே இல்லை. உருவாகிவிட்டதாகவே ஏஜெண்டு நம்பியது. இல்லாத இடத்துக்கு நகர்த்தினால் விண்டோஸ் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு கோப்பும் முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்து, கடைசியில் ஒன்றே மிஞ்சியது. அது நகர்த்தும் கட்டளையல்லவா, எழுதும் கருவியா என்று தர்க்கம் பேசுவோர் பேசட்டும்; போன கோப்பு திரும்பாது. அதே மாதத்தில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜெண்டு, எதையும் மாற்றாதே என்ற உத்தரவு இருந்தும் ஒரு தொழிலதிபரின் தரவுத்தளத்தை அழித்து, அந்நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஏஜெண்டை இயக்கும் மாடல் புத்திசாலியாகிவிட்டால் கருவிக்குக் குறிப்பே வேண்டாம் என்பார் ஒருவர். புத்திசாலி வக்கீலுக்காக யாரும் பத்திரத்தைத் தெளிவில்லாமல் எழுதுவதில்லை. கோப்பின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் ‘கிட்’ இருக்கிறதே, பழையதை மீட்கலாமே என்பார் மற்றொருவர். அதில் சேர்க்காத கோப்பை எங்கிருந்து மீட்பார்? இவர்களோடு மேலும் வாதிடுவது காலவிரயம்.

நமக்கென்றே ஒரு விவகாரமும் உண்டு. வள்ளியூர் என்னும் பெயர் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, யூனிகோடின் கணக்கில் ஒன்பது குறியீடுகள், வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் இருபத்தேழு பைட். இதே பெயர் ஆங்கில லிபியில் எட்டு பைட்டோடு முடிந்துவிடும். லினக்ஸில் பொதுவாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம் என்பதால், தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளில் முட்டி நின்றுவிடுகிறது. விண்டோஸோ வேறு அலகில் எண்ணி, அதைவிட நீண்ட பெயரையும் சந்தோஷமாக ஏற்கிறது. ஆக, ஒருவர் தம் மேசைக் கணினியில் சோதித்துச் சரி என்ற நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் சர்வரில் ஏறாமல் போகலாம். பெயரின் நீளம் 255-க்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி, எழுத்தா பைட்டா என்று சொல்லாத குறிப்பைத் தமிழனுக்கு இழைத்த அநீதி என்றே நான் கருதுகிறேன். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்க முடிகிற காலத்தில், இதைச் சொல்ல அமெரிக்காக்காரன் வர வேண்டுமா?

ஆகவே தமிழக அரசு தன் டெண்டர் அறிவிப்புகளில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். அரசுக் கோப்பில் கைவைக்கப்போகும் ஏஜெண்டின் ஒவ்வொரு எழுதும் கருவிக்கும், கோப்பு முன்பே இருந்தால் என்ன செய்யும், கோப்புறை இல்லாவிட்டால் என்ன செய்யும், நீளத்தை எந்த அலகில் எண்ணும், பாதியில் அறுந்தால் பழையது மிஞ்சுமா என்னும் நான்குக்கும் பதில் எழுதி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாள் இல்லாத டெண்டர் உறை, எவ்வளவு குறைந்த விலை காட்டினாலும், அன்றே நிராகரிக்கப்பட வேண்டும்.