நோன்பு மாதம் வந்தால் தினார் ஏறுமா?

நோன்பு மாதம் நெருங்கும்போதெல்லாம் ஈராக் தினார் பற்றிய பேச்சு சூடுபிடிக்கிறது. பெருநாளுக்கு முன் ரேட் மாறிவிடும், கையில் ஒரு மில்லியன் தினார் இருந்தால் போதும், அதன்பின் வேலைக்கே போக வேண்டாம் என்பதே அதன் சாரம். விற்பவர்கள் இதற்கு 'ஆர்.வி.' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சதாம் ஹுசேன் ஆட்சி வீழ்ந்து, 2003 அக்டோபரில் ஈராக்கில் புதிய நோட்டுகள் வந்த காலத்தில் அமெரிக்காவில் முளைத்த ஆசை இது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் இபிஎஃப் பணத்தோடு ஓய்வு பெறும் ஒருவரின் கைப்பேசியை எட்ட இதற்கு ஒரு புலனக் குழு போதும்.

ஏன் நோன்பு மாதம்? வதந்திக்கு இதைவிட வசதியான மாதம் கிடையாது. ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். பிறை பார்த்துத்தான் தேதி உறுதியாகும். ஈராக்கில் அம்மாதத்தில் அலுவலக நேரம் குறையும், பெருநாளுக்குப் பல நாள் விடுமுறை. ஆகவே முதலில் "நோன்புக்கு முன் முடித்துவிடுவார்கள்" என்பார்கள். நடக்காவிட்டால் "புனித மாதத்தில் மக்களுக்குப் பரிசாக வரும்". அதுவும் பொய்த்தால் "பெருநாள் லீவு முடியட்டும்". பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் இருக்கவே இருக்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ரமலான் இரண்டு முறை தொடங்கும். அந்த ஆண்டு விற்பவர்களுக்கு இரட்டை அறுவடைதான்.

நடந்தது என்ன? 2020 டிசம்பரில் ஈராக் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது; டாலருக்கு 1,200க்குச் சற்றுக் கீழே இருந்த தினார் 1,450 ஆனது. 2023 பிப்ரவரியில் 1,300க்கு உயர்த்தியது. இதுதான் அண்மைய உண்மையான மறுமதிப்பீடு, ஏறக்குறைய பத்து விழுக்காடு. அந்த ஆண்டு நோன்பு தொடங்க ஆறு வாரம் இருந்தது. ஈராக்கிலிருந்து போகும் டாலர் பரிமாற்றங்களை அமெரிக்கா கடுமையாகச் சோதிக்கத் தொடங்கி, வெளிச்சந்தையில் டாலர் விலை எகிறியதே அதற்குக் காரணம். நோன்புக்கு முன் சாமான் விலையை அடக்க வேண்டும் என்ற கவலையும் அரசுக்கு இருந்திருக்கலாம். ஆனால் பத்து விழுக்காட்டில் யாரும் கோடீஸ்வரர் ஆகவில்லை.

நம்முடைய ரிங்கிட்டையே பாருங்கள். 1998 ஜனவரி 7ஆம் தேதி டாலருக்கு 4.88 என்று ரிங்கிட் அதலபாதாளத்தில் விழுந்தபோது இங்கே நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தது. 3.80 என்று கட்டிவைத்தது அதே ஆண்டு செப்டம்பரில். அவிழ்த்துவிட்டது 2005 ஜூலை 21இல். இரண்டுமே ரமலானில் நடக்கவில்லை, முன்கூட்டியே யாருக்கும் சொல்லப்படவும் இல்லை. சொன்னால் ஊக வணிகர்கள் முந்திக்கொள்வார்கள் அல்லவா? தேதி சொல்லி வரும் மறுமதிப்பீடு என்பதே சந்தேகத்துக்குரியது.

ஒரு தினார் மூன்று டாலர் ஆகும் என்ற கனவைச் செம்பனை, ரப்பர் விலையோடு வாழ்பவர்கள் எளிதில் எடைபோடலாம். ரிங்கிட் வலுவடைந்தால், உலகச் சந்தை விலை மாறாமல் இருந்தாலும், இங்கே கைக்கு வரும் வெள்ளி குறையும். ஈராக் அரசின் வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய். அது டாலரில் வருகிறது. சம்பளமும் பென்ஷனும் தினாரில் போகின்றன. ஒரு பீப்பாய் 70 டாலர் என்றால் இன்றைய விகிதத்தில் 91,000 தினார். ஒரு தினார் மூன்று டாலரானால் அதே பீப்பாய்க்கு 23 தினார்தான். எந்த அரசு தன் ஊழியர்களின் சம்பளப் பணத்தைத் தானே இப்படி அழித்துக்கொள்ளும்? புழக்கத்தில் உள்ள தினார் சுமார் 100 டிரில்லியன். மூன்று டாலர் வீதம் 300 டிரில்லியன் டாலர். உலகம் முழுவதன் ஓராண்டு உற்பத்தியே அதில் பாதியை எட்டாது.

"குவைத்தில் நடந்ததே" என்பார்கள். 1991இல் குவைத் தன் பழைய மதிப்புக்குத் திரும்பியது உண்மை; படையெடுப்பு நீடித்தது ஏழு மாதம், நாட்டின் வெளிநாட்டு முதலீடுகள் பத்திரமாக இருந்தன. "மூன்று சைபரை வெட்டப் போகிறார்கள்" என்பது இன்னொரு வாதம். 2005இல் துருக்கி ஆறு சைபரை வெட்டியது. ரொட்டி விலையிலும் ஆறு சைபர் போனது, அவ்வளவுதான்.

ஒரு மில்லியன் தினாரின் இன்றைய அதிகாரப்பூர்வ மதிப்பு சுமார் 770 டாலர். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்தால் 3,080 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. அதைவிடக் கூடுதலாகக் கேட்டுத்தான் விற்பார்கள். திரும்ப விற்கப் போனால் பெரும்பாலான நாணய மாற்றுக் கடைகள் வாங்குவதில்லை.

மலேசியாவில் வெளிநாட்டு நாணயம் மாற்றும் தொழிலுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். விற்பவரிடம் உரிமம் உண்டா என்பதை அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். எச்சரிக்கைப் பட்டியலும் அங்கே உண்டு. மோசடிக் கணக்குக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைத்தால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.