நோய் தமிழனுக்கு; மருந்துச் சீட்டு எவனுக்கு?

ஒருவனை அவன் உடலைப்பற்றியே அறியாதவனாக வைத்திருப்பதினும் கொடிய அடிமைத்தனம் பிறிதில்லை. பறிபோன நிலத்தை மீட்கலாம். பறிபோன ஆட்சியைப் போராடிப் பெறலாம். தன் குருதியில் என்ன குறை, தன் ஈரலில் என்ன கேடு, தான் விழுங்கும் வில்லை எதற்கு என்பவற்றை அறியாதவன் எதைக் கொண்டு எதை மீட்பான்? தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வரிசையில் நிற்கும் தமிழர் பலரின் நிலை இன்றும் இதுவே.

கோயிலில் விளங்காத மொழியில் ஒருவர் ஓத, கைகட்டி நின்று பழகிய இனம், மருத்துவமனையிலும் அவ்வாறே நிற்கின்றது. அங்கே தமிழனுக்கும் இறைவனுக்கும் இடையில் வடமொழி புகுந்தது. இங்கே தமிழனுக்கும் அவன் உடலுக்கும் இடையில் ஆங்கிலம் புகுந்துள்ளது. ஆங்கிலம் மட்டுமா? மருந்துச் சீட்டை எடுத்துப் பார்க்க! நாளைக்கு இருமுறை என்பதற்குப் 'பி.டி.' என்றும், மும்முறை என்பதற்கு 'டி.டி.எசு.' என்றும், உறங்கப்போகும்போது என்பதற்கு 'எச்சு.எசு.' என்றும் எழுதுகின்றனர். இவை இலத்தீன் சொற்களின் குறுக்கங்கள். சீட்டின் தலைமாட்டில் இடப்படும் குறியும் 'எடுத்துக்கொள்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கமே. இலத்தீனைத் தாய்மொழியாகப் பேசுவார் இன்று எந்நாட்டிலும் இலர். 'காலை, மாலை, உணவுக்கு முன், உணவுக்குப் பின்' என்னும் சொற்களை அறியாத தமிழ்ச் சிறுவனும் இலன். அறிந்த மொழியைத் தள்ளி, வழக்கிறந்த மொழியில் உயிர்காக்கும் குறிப்பை எழுதுவது எந்த அறிவியல்? இறுதியில், மருந்துக் கடைப் பையன் உறையின்மேல் கோடு கிழித்துக் காட்டுவதே நோயர்க்குக் கிடைக்கும் முழு விளக்கமாக முடிகின்றது.

மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கத்தக்கவாறு, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என 2016இல் இந்திய மருத்துவ மன்றம் விதி வகுத்தது. நன்றே. ஆயின் அந்தப் பெரிய எழுத்தும் ஆங்கில எழுத்தே! கிறுக்கலாய் இருந்தபோது விளங்காதது, அச்சுப்போல் எழுதிய பின்னும் உழவனுக்கு விளங்கப் போவதில்லை.

இஃது ஏதோ மொழிப்பற்றர் எழுப்பும் வெற்றுக் கூச்சல் என்பாரும் உளர். அன்று, இஃது உயிர்ச்சிக்கல். காசநோய் என வழங்கும் எலும்புருக்கி நோயையே எடுத்துக்கொள்க. அதற்குப் பொதுவாக ஆறு திங்களேனும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்துகளுள் ஒன்றான இரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் முன்னரே சொல்லப்படாத நோயன் அதனைக் குருதி என அஞ்சி மருந்தை நிறுத்துவான். அச்சமே இல்லாதவனும், சில கிழமைகளில் இருமல் தணிந்ததும் நோய் போயிற்று என நிறுத்துவான். அரைகுறை மருத்துவத்தில் எஞ்சிய நோய்நுண்ணிகள் மருந்துக்கு அடங்காத வன்மை பெறலாம். அந்நோய் அவன் வீட்டார்க்கும் தொற்றலாம். "சிறுநீர் சிவக்கும், அஞ்சாதே, இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதே" என்று சொல்ல அரை மணித்துளி போதும். அச்சொற்கள் சொல்லப்படாமையால் நேரும் சாவுக்கு எப்பதிவேட்டில் கணக்கு?

காய்ச்சலுக்கான பாரசிட்டமாலும் அவ்வாறே. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. உறைமேல் உள்ள ஆங்கிலத்தைப் படிக்க இயலாதவர் இரு வேறு மருந்தென எண்ணி இரண்டையும் விழுங்குவர். அளவு மிகுந்தால் கெடுவது ஈரல்.

மருத்துவர் வாய் மூடிய இடத்தில் பொய்யன் வாய் திறக்கின்றான். 2017 பிப்பிரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-உருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, அவ்வூசி குழந்தைகளைக் கெடுக்கும் என்னும் புரளி கைப்பேசிகள் வழியே பரவிற்று. பெற்றோர் பலர் அஞ்சினர். இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. புரளி தெருத்தமிழில், உறவுக்காரன் குரலில், வீட்டுக்குள்ளேயே வந்து பேசியது. பெற்றோரை மூடர் எனப் பழிப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் தம்மிடம் ஒன்றும் விளக்கிச் சொல்லாதவர், ஊசியோடு வந்து நிற்கும் ஒரு நாளில் மட்டும் "நம்பு" என்றால், எவன் நம்புவான்? நம்பிக்கை ஊசிவழி ஏற்றப்படுவதன்று. நாளும் பேசும் சொல்வழி ஊறுவது.

"தமிழில் சொற்கள் இல்லையே" என்பது பழைய பொய். நெஞ்சாங்குலை, நுரையீரல், மண்ணீரல், கணையம், கருப்பை, தண்டுவடம், நீரிழிவு, புற்று எனத் தலைமுதல் கால்வரை தமிழில் பெயருண்டு. அமெரிக்காவில் 1822இல் பிறந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பிக்கலானார். உடற்கூறு, அறுவை, வேதியல் ஆகிய துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கி வெளியிட்டார். அந்நூல்களில் வடசொற்கள் மலிந்திருப்பது குறையே. ஆயினும் கடல்கடந்து வந்த வெள்ளையர் ஒருவர்க்கு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே இயன்றது, தமிழ்ப்பாலுண்டு வளர்ந்த மருத்துவர்க்கு இயலாது என்பதை எவ்வாறு ஏற்பது? இல்லாதது சொல்லன்று, எண்ணமே.

அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் வந்தது. தமிழில் பயின்ற உழவர் மக்கள் அதனால் மருத்துவக் கல்லூரி புகுகின்றனர். புகுவோர் தமிழராய்ப் புகுந்து, தம் தாய்க்கே நோயை விளக்கத் தெரியாதவராய் வெளிவருவராயின், அவ்வொதுக்கீட்டின் பயன் பாதி வீணே. ஆய்வுக்கும் மேற்படிப்புக்கும் எம்மொழியையும் அவர்கள் கற்கட்டும், தடுப்பார் இலர். நோயரோடு பேசும் மொழி நோயரின் மொழியாகவே இருக்கவேண்டும் என்பதே கேள்வி.

சட்டமும் இதற்கு மாறன்று. போதிய விளக்கம் பெற்ற பின் தரும் ஒப்புதலே ஒப்புதல் என்று 2008இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. நோயர்க்கு அவர் அறிந்த மொழியில் விளக்கம் பெறும் உரிமை உண்டென 2018இல் மாந்த உரிமை ஆணையத்தின் உரிமைப் பட்டியல் கூறிற்று. எனவே, படிக்க இயலாத ஆங்கிலத் தாளில் பெருவிரல் உருட்டி வாங்கும் ஒப்புதல் ஒப்புதலன்று, ஏய்ப்பே.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்தார். நோயுற்றவனை முதலில் வைத்தார். மருத்துவனை அடுத்தும், மருந்தை அதன்பின்னும், அருகிருந்து பேணுவானை இறுதியிலும் வைத்தார். முதலில் வைக்கப்பட்டவனை இன்று ஊமையாக்கிக் கடையில் நிறுத்தியுள்ளனர்.

தமிழர் இனி வாளா இருத்தலாகாது. மருந்துச் சீட்டில் உண்ணும் முறை தமிழில் எழுதப்படல் வேண்டும். மருந்துறையில் தமிழ் இடம்பெறல் வேண்டும். ஒப்புதல் தாள் தமிழில் அமைந்து, படித்தும் காட்டப்படல் வேண்டும். நோயரிடம் தமிழில் விளக்கும் திறனை மருத்துவக் கல்லூரித் தேர்வுகள் ஆராய்தல் வேண்டும். இவற்றை அரசு செய்யும்வரை, மருத்துவமனை செல்லும் ஒவ்வொரு தமிழனும் எழுமுன் மூன்று கேள்வி கேட்கட்டும்: எனக்கு என்ன நோய்? இம்மருந்து எதற்கு? உண்ணாவிடின் என்னாகும்? விடை தமிழில் வரும்வரை இருக்கையை விட்டு எழாதிருக்கட்டும்!