பழைய கார்களைப் பார்க்கப் போகலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தையார் எழுதியிருக்கிறார். உயர்தர வகுப்பில் படிக்கும் தம் மகன், பழைய கார் வைத்திருப்போர் ஒன்றுகூடும் காட்சிக்குத் தோழர்களுடன் போக வேண்டுமென்று ஒரு மாத காலமாக ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "வாங்க முடியாத பொருளைப் பார்த்து ஏங்கிவிட்டு வருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டுமா? அந்த நேரத்தில் இரண்டு வினாத்தாள் செய்து முடிக்கலாமே" என்பது தந்தையாரின் வழக்கு. மகனின் வழக்கு கடிதத்தில் இல்லை. ஊகிப்பது கடினமும் அன்று.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகன் போகலாம். ஆனால் தோழர்களோடு மட்டும் அன்று. தந்தையாரும் உடன் போதல் வேண்டும். காவலுக்காக அன்று. அங்கே நிற்கும் வண்டிகளில் மகன் தானாகப் படித்தறியக்கூடியது ஒரு பாதி; தந்தை சொன்னாலன்றித் தெரியாதது மற்றொரு பாதி.

கொழும்பில் கார்ப் பிரியர்கள் கூடும் கூட்டங்கள் ஒரே வகையின அல்ல. சிலோன் கிளாசிக் கார் கழகம் என்று ஒன்றுண்டு. வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்போருக்கும் லாண்ட் ரோவர் வைத்திருப்போருக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. இத்தகைய சங்கத்தார் பகற்பொழுதிலே மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் விளக்கம் சொல்லி மகிழ்வர். நாம் போகச் சொல்வது இவற்றுக்கே. புகைபோக்கியை மாற்றிக் காது செவிடுபடும் ஓசை எழுப்பும் புதிய கார்களோடு இளைஞர்கள் இரவிலே கூடுவதும் உண்டு. அங்கே கற்பதற்கு அதிகமில்லை. பொதுவீதியில் பந்தயம் ஓடும் ஆசைதான் தொற்றிக்கொள்ளும். பந்தயமே பார்க்க வேண்டுமெனில், 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நுவரெலியாவில் இருக்கிறது. அதனை ஒரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் பையன்கள் நேரே நீளமான அமெரிக்கக் கார்களிடம் ஓடுவார்கள். ஓடட்டும். ஆயினும் முதலில் பார்க்கத் தக்கது, ஓர் ஓரத்தில் அடக்கமாக நிற்கும் மொறிஸ் மைனர் என்பது நமது கட்சி. 1948இல் இலண்டனில் நடந்த கண்காட்சியில் அறிமுகமாகி 1971 வரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. அதன் பொனற்றின் நடுவே, முன்னிருந்து பின்வரை ஒரு தட்டையான பட்டை ஓடுவதைக் காணலாம். அதை அழகுக்காக இட்ட கோடு என்று பலரும் நினைப்பர். வண்டியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், தயாரிப்புக்கு எல்லாம் ஆயத்தமான வேளையில், வண்டி ஒடுங்கலாக இருப்பதாக உணர்ந்தார். மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே அப்பட்டை. கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டி, "தொடக்கத்திலேயே அளவு சரியாக வந்துவிடுவதில்லை" என்று சொல்லலாம். சொல்லாமலும் விடலாம்.

1961க்கு முந்திய மைனராயின் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திரும்பும் திசையைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று ஒளியோடு வெளியே நீளும். அதனை ஒருமுறை இயக்கிக் காட்டும்படி உரிமையாளரைக் கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் பீட்டில் நின்றால், அதன் எஞ்சின் பின்புறத்தில் இருப்பதையும், நீரின்றிக் காற்றினாலேயே குளிர்வதையும், ஆதலால் ரேடியேற்றர் இல்லாமையையும் கவனியுங்கள். 2003இல் மெக்சிக்கோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை இரண்டு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டன.

செல்வம் மிகுந்த நாடுகளில் என்றோ இரும்புக் கடைக்குப் போய்விட்ட வண்டிகள் நமது நாட்டில் இத்தனை தப்பியிருப்பது எவ்வாறு? பற்றினால் என்று உரிமையாளர்கள் சொல்வர். பற்றாக்குறையினால் என்பது பொருளியல் படிப்பவர் விடை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை மேலும் இறுகியது. புதியது வாராதபோது பழையதை ஓட்டியே தீர வேண்டும். தேய்ந்த பாகத்தைக் கடைந்தும், ஒட்டியும், வேறொரு வண்டியின் பாகத்தை இதற்குப் பொருத்தியும் ஓட வைக்கும் திறமை கராஜ்களில் வளர்ந்தது. மருதானைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் தெருத்தெருவாக நிறைந்திருப்பது இந்தத் தேவையின் விளைவு. 1990களில் மொறிஸ் மைனரின் தகட்டுப் பாகங்களை இங்கே செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் அத்திறமையின் அளவு விளங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கராஜ்காரருக்கு ஓய்வு இருந்திராது.

இனி, தந்தையார் ஏன் உடன் போக வேண்டும் என்பதற்கு வருவோம்.

வரிசையாக நிற்கும் வண்டிகளின் இலக்கத் தகடுகளைப் பாருங்கள். சிலவற்றில் சி.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். சிலவற்றில் எண்களுக்கு நடுவே சிங்களச் 'சிறீ' எழுத்து இருக்கும். மிகப் பிந்திய வண்டிகளில் மறுபடியும் ஆங்கில எழுத்துகள். காட்சிக்கு வருவோர் இத்தகடுகளின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வர். பழைய 'சிறீ' எழுத்தை ஓர் அழகுப் பொருளாகவே இன்றைய இளைஞர் கருதுகின்றனர். தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வாறே கருதுவதில் வியப்பில்லை; அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

சிங்களத்தை மாத்திரம் அரச மொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 1957இல் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்களச் 'சிறீ' வாகனத் தகடுகளில் ஏறியது. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அவ்வாண்டு மார்ச்சில் அந்த எழுத்தைத் தாங்கிய புதிய பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் தார் பூசி அதனை அழித்தனர். தமிழிலே 'சிறீ' எழுதி வண்டி ஓட்டிச் சிறை சென்றனர். தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மீது தார் பூசப்பட்டது. பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்பிரல் 9ஆந் திகதி கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. ஓர் எழுத்தினால் மட்டுமே இவ்வளவும் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து, ஒரு தகர ஓட்டின் மீது, அந்த மைதானத்திலே மெருகேற்றப்பட்டு நிற்கிறது. இக்கதையைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தியாகப் படிப்பதைவிட அங்கே நின்று கேட்பது மேல். வண்டிக்காரரைக் குறைகூறும் தொனியில் வேண்டாம். அவர் தம் பாட்டனாரின் காரைத் துடைத்து வைத்திருக்கிறார், அவ்வளவே.

'பாட்டனாரின் கார்' என்ற சொல்லிலேயே மற்றொரு செய்தியும் இருக்கிறது. பாட்டனாரின் கார் பேரனிடம் வருவதற்குப் பாட்டனாரின் வீடு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் 1983 யூலையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வீதியில் மறிக்கப்பட்ட கார்களும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்து, பின்னர் கப்பலேறி வடக்கே போனவர்கள் காரைக் கொண்டு போகவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள எத்தனையோ குடும்பங்களின் படத்தொகுப்பில், காலி வீதியை ஒட்டிய ஒரு முற்றத்தில் நிற்கும் காரின் மீது சாய்ந்தபடி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். கார் எங்கே என்று பிள்ளைகள் கேட்பதில்லை. இத்தகைய படமொன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின், காட்சிக்குப் போகும் நாளில் அதனை எடுத்துப் பையிலே வையுங்கள். அதே வகை வண்டி அங்கு நிற்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் ஒக்ஸ்போட் முதலியவை சேகரிப்போரின் அருமைப் பொருள்களாக அன்றி, வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் உழைத்துக்கொண்டிருந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின! மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதாக ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் விட்டு எஞ்சினைக் கிளப்புவர். சூடேறிய பின் மண்ணெண்ணெய் எரியத் தொடங்கும். ஏ-40 போன்ற அக்கால எஞ்சின்கள் எரிபொருட் கலவையை ஏறத்தாழ ஏழு மடங்குக்கே நெருக்குவதால், தரம் குறைந்த எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. அதற்கு விலையும் கொடுத்தன. பிளக்குகளில் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, தெருவெல்லாம் புகை. இருப்பினும் நோயாளரை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் அவை கொண்டு சேர்த்தன. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து போனவர்கள் சிலர் அவ்வண்டிகளை விலைபேசி வாங்கி வந்தனர். கொழும்பு மைதானத்தில் பளபளக்கும் ஓர் ஏ-40இன் முன் நிற்கும்போது, "இது எங்கிருந்து வந்தது?" என்று உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள். விடை சில வேளை பருத்தித்துறையாக இருக்கலாம்.

தந்தையாரின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. ஏக்கம் மெய்யானது. இன்று ஒரு கார் இறக்குவதற்கான வரிகள் அதன் அடக்க விலையையே மிஞ்சுவதுண்டு. பழைய கார் வாங்குவதோ, விலையைக் கொடுத்த பின்னும் ஆண்டாண்டாகக் கராஜுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது. ஆனால் காட்சிக்குப் போகாத பிள்ளைக்கு ஏக்கம் வராது என்று எண்ணலாகாது. கைத்தொலைபேசியில் அவன் பார்க்கும் கார்களுக்கு விலையும் இல்லை, துருவும் இல்லை. மைதானத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டும் உண்டு. ஒரு கதவின் அடிப்பகுதியைத் துருவெட்டிப் புதுத் தகடு வைக்க எத்தனை நாள் சென்றது, எவ்வளவு செலவாயிற்று என்று உரிமையாளர் வாயாலேயே கேட்டால் ஏக்கத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும். இறங்காமல், "அந்தத் தகட்டை எப்படித்தான் வளைத்தார்கள்?" என்று பையன் மேலும் கேட்பானாயின், அவன் மனம் வண்டியில் இல்லை, வேலையில் இருக்கிறது. அத்தகைய பிள்ளைக்கு மொறட்டுவையில், 1959இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்களுக்கு வெளியே நமது குடும்பங்கள் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்பது வேறொரு வாரத்துக்குரிய பேச்சு. பெண்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே நமக்கு வருத்தம்.

சில சிறு குறிப்புகள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிய பின் உரிமையாளர் நிழல் தேடிப் போய்விடுவார், பேச ஆள் இராது. குடையும் தண்ணீரும் அவசியம். இடுப்புப் பட்டியின் கொளுக்கியும் தோற்பையின் உலோகமும் வண்ணத்தைக் கீறிவிடும். ஆதலால் வண்டியில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். தொடுவதற்கு முன் கேளுங்கள். கேட்ட பிள்ளைக்குச் சாரதி ஆசனத்தில் அமரவே இடம் கிடைப்பதுண்டு. இலக்கத் தகடுகளை எழுதிக்கொள்ள ஒரு பென்சிலும் சிறு கொப்பியும் போதும். வினாத்தாளைச் சனிக்கிழமையே செய்துவிடலாம்.